தம்பதி சமேதராய் வரச் சொன்ன டாக்டரம்மாவுக்கு

உத்திரமேரூர் வட்டாரத்து உடல்நலம் காத்த உத்தமியே! மருவுக்கு மருந்திட்ட மாண்பே! மழுப்பும் கணவரை மடக்கிய மதியே! எங்கள் சுகாதார நிலையத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் பணியாற்றி, 1986 ஜூன் திங்கள் இறுதி நாளாம் இன்று ஓய்வு பெறும் டாக்டர் சாமுண்டீஸ்வரி அம்மையார் அவர்களே! வணக்கம்.

காய்ச்சலுக்கும் கைக்குழந்தைக்கும் மருந்து கொடுக்க யார் வேண்டுமானாலும் வருவார்கள். மறைவிடத்து மருவைப் பற்றி மனம் கூசாமல் பேச நீங்கள்தான் வந்தீர்கள். கோயில் குளத்தில் வெல்லம் கரைத்தால் மரு கரையும் என்று கரைத்துப் பார்த்துவிட்டு, எங்கள் ஊர் ஆண்கள் மனைவியை மட்டும் உங்களிடம் அனுப்புவார்கள். அவர்கள் எதிர் டீக்கடையில் பேப்பர் படிப்பார்கள். நீங்களோ கல்யாணப் பத்திரிகை போல, தம்பதி சமேதராய் வருக என்று சொல்லியனுப்புவீர்கள். மருவை உண்டாக்கும் பாப்பிலோமா என்னும் வைரஸ் உடலுறவில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும், மருவே தெரியாதவரிடமிருந்தும் தொற்றும், மாதக்கணக்கில் ஓசைப்படாமல் உடம்பில் தங்கும் என்று நீங்கள் விளக்கும்போது, ஊழியர்களாகிய நாங்களே கூரையைப் பார்ப்போம்.

கருணைக் கடலே! திருப்புலிவனத்து நிலக்காரர் ஒருவரின் மனைவி மருவோடு வந்தார். எங்கிருந்தோ கொண்டுவந்துவிட்டாள் என்று மாமியார் அவர் துணிகளை மூட்டை கட்டி, மறுநாளே பிறந்த வீட்டுக்கு அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டார். நீங்கள் கணவரைக் கூப்பிட்டனுப்பினீர்கள். சொசைட்டிக் கூட்டம் முதல் துக்கம் விசாரிப்பது வரை எல்லாவற்றுக்கும் தமக்குப் பதில் பண்ணையாள் கன்னியப்பனை அனுப்பிப் பழகிய அவர், இதற்கும் கன்னியப்பனையே அனுப்பினார்.

"ஐயாவுக்குப் பதிலா வந்துகீறேன். இன்னா காட்டணுமோ காட்டிட்டுப் போறேன்" என்று நின்ற அவரை உட்காரவைத்து, மோர் கொடுத்துத் திருப்பி அனுப்பினீர்கள். நீங்கள் சிரிக்கவில்லை. நாங்கள் மருந்தறைக்குள் போய்ச் சிரித்தோம்.

அன்று மாலையே நீங்கள் அந்த நிலக்காரர் வீட்டுக்குப் போனீர்கள். தமக்கு ஒன்றுமே இல்லை என்று சாதித்தவரை அறைக்குள் அழைத்துப் பார்த்தீர்கள். இருந்தது. உடனே மாமியார் மருமகளின் மூட்டையை அவிழ்த்துவிட்டு மகனின் வேட்டிகளை மூட்டை கட்டத் தொடங்க, அதையும் தடுத்தீர்கள்.

"யார்கிட்டேருந்து யாருக்கு வந்துச்சுன்னு என்னாலயே சொல்ல முடியாது, பெரியம்மா. யாரையும் அனுப்ப வேணாம். ரெண்டு பேரும் வந்து மருந்து போட்டுக்கட்டும்."

இருவரும் வந்தார்கள். அதன்பின் எங்கள் பெண்கள் பெஞ்சில் மீசைகளும் வரிசையாக அமர்ந்தன.

அன்னையே! உத்திரமேரூர் ஏரி நிரம்பும் ஆண்டுகளிலும் நிரம்பாத ஆண்டுகளிலும், முழங்கால் வலி இன்றி, முகமலர்ச்சி குன்றாமல் நீங்கள் நெடுங்காலம் வாழ வேண்டும்.

அந்த மனைவியைப் பெயர் சொல்லாமல் எழுதுகிறோம் என்று நேற்று அவரிடம் தெரிவித்தோம்.

"என் வூட்ல நான் கீறேன்னா அது டாக்டரம்மாவாலதான். என் பேரையும் போடுங்க" என்றார். கணவர் பக்கத்தில்தான் நின்றார், மறுக்கவில்லை. எனவே,

இங்ஙனம்,
நிலைய ஊழியர்கள்
மற்றும்
ஆதிலட்சுமி, திருப்புலிவனம்