முதலில் ஆண்பிள்ளை வரட்டும் என்ற ஆபேல் டாக்டர்

மேடையில் வீற்றிருக்கும் பங்குச் சாமியார் அவர்களே, மீனவர் சங்கத் தலைவர் கிளீட்டஸ் அவர்களே, முட்டத்துப் பெரியோர்களே, தாய்மார்களே!

பதினாலு வருஷம் அவரிடம் கம்பவுண்டராக இருந்தவன், நீ பேசு என்று என்னை எழுப்பிவிட்டீர்கள். என்னத்தைப் பேச? எட்டே நாள் காய்ச்சல். நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி பூட்டுவதற்குள் நம் டாக்டர் ஆபேல் போய்விட்டார். போயே போய்விட்டாரே ஐயா!

பெண்கள் யாரும் எழுந்து போகவேண்டாம். சாமியாரும் பொறுத்துக்கொள்ளணும். அவர் வாழ்நாளெல்லாம் பேசியதை விட்டுவிட்டு அவரைப் புகழ்ந்தால் அது வெறும் புளுகு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்திரண்டில் இந்தக் கரை முழுக்கப் பொன்னுக்கு வீங்கி வந்ததே, நினைவிருக்கிறதா? தாடை வீங்கினவனெல்லாம் வீக்கம் வற்றுமென்று கழுத்தில் தங்கச் சங்கிலியை மாட்டிக்கொண்டு கடலுக்குப் போனான். டாக்டர் வீடு வீடாக ஏறி இறங்கினார். "ஏலே, சங்கிலி கெடக்கட்டும், நீ படுத்துக் கெட! வயசுப் பயலுக்கு இந்த வீக்கம் விரைக்கு எறங்கினா பிள்ளை வரமே போயிரும்!" என்று கத்தினார். யார் கேட்டோம்? சிரித்தோம்!

அதற்குப் பிறகு வருஷங்கள் கழித்து, பிள்ளையில்லாத பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். "முதல்ல ஒன் மாப்பிள்ளையக் கூட்டிட்டு வா" என்பார். ஒருவனும் வரவில்லை. ஒருநாள் அவரே கரைக்கு வந்தார். இரண்டு சாளை மீனை எடுத்து வயிற்றைக் கீறினார். ஒன்றில் சினை, ஆண்மீனான மற்றதில் வெள்ளைப் பால்.

"சினை மட்டும் இருந்தாக் குஞ்சு வருமாலே? இந்தப் பாலு வேண்டாமா?"

"வேணும் டாக்டரே."

"பொறவு பெண்டாட்டிக்கு மட்டும் எதுக்குலே மருந்து காய்ச்சுதிய?"

"எனக்குப் பெலத்துக்கு என்ன கொறை?" என்று ஒருவன் நெஞ்சை நிமிர்த்தினான். டாக்டர் கோபப்படவில்லை. "பெலம் வேற, வித்து வேற மக்கா. ஆசை வரும், ரெத்தம் பாயும், எல்லாம் சரியா நடக்கும். ஆனாலும் அந்தத் துளியில உயிரணு இல்லாம இருக்கலாம். மைக்ராஸ்கோப்புல பாத்தாத்தான் தெரியும்" என்றார்.

நெஞ்சை நிமிர்த்தியவன் யார் தெரியுமா? நான்தான்! இந்த ததேயுஸ்தான்!

அவரிடமே வேலை பார்த்தேன். மற்ற ஊர்க்காரன் ஒளித்துக் கொண்டுவந்த குப்பியையெல்லாம் மைக்ராஸ்கோப்புக் கண்ணாடியில் வைத்துப் பார்க்கப் படித்தேன். என்னுடையதை மட்டும் வைக்கவில்லை. "லே ததேயுஸ், ஒன்னுடையத எப்பம் பாக்கப் போற?" என்று ஒவ்வொரு தவக்காலத்திலும் கேட்பார். "ஈஸ்டர் கழியட்டும் டாக்டரே" என்பேன். இருபத்திரண்டில் என் கழுத்திலும் சங்கிலி கிடந்தது. வீக்கம் எங்கே இறங்கியது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

என் பெண்டாட்டி லீமா பதினோரு வருஷம் மருந்து குடித்தாள். மலடி என்று எந்த வீட்டு ஞானஸ்நானத்துக்கும் அவளைப் பிள்ளை தூக்க விடவில்லை. முழங்காலில் நடந்து நேர்ச்சை செலுத்தினாள். கடைசியில் எவனோ ஊர் சுற்றி வந்த வைத்தியன் கொடுத்த பஸ்பத்தைத் தின்று, ஈரல் வெந்து, போன வருஷம் செத்தாள். அன்றைக்கு டாக்டர் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் ஏசியிருக்கக் கூடாதா?

அவரை அடக்கம் பண்ணிவிட்டு வந்து, ஆஸ்பத்திரியைத் திறந்து, கண்ணாடியில் என்னுடையதை வைத்துப் பார்த்தேன். ஒரு வாரம் விட்டு மறுபடியும் பார்த்தேன். ஓர் அசைவு இல்லை. ஓர் உயிரணு இல்லை. "டாக்டரே" என்று திரும்பினேன். கேட்க யார் இருக்கிறார்?

அவர் வேலையை நடத்துவோம் என்று இங்கே எல்லாரும் சொன்னீர்கள். புதிய டாக்டர் வருவாரா, எனக்குத் தெரியாது. எனக்கு ஒரு நம்பிக்கையும் இல்லை. ஆனாலும் திங்கட்கிழமை கதவைத் திறப்பேன். முதலில் ஆண்பிள்ளை வரட்டும். வெட்கப்படுகிறவர்கள் ஆஸ்பத்திரிச் சோதனைப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள், கடைசியில் என் பெயரையும் முடிவையும் என் கையாலேயே எழுதிவைத்திருக்கிறேன்.

விக்டோரியா மாமி, அந்தத் தூணோரம் இருக்கிறீர்களே, கொஞ்சம் தலையை நிமிருங்கள். இந்த ஊர் கேட்கச் சொல்லுகிறேன். உங்கள் மகள் லீமாவுக்கு ஒரு குறையும் இல்லை.