விட்டுப்போன எழுத்து

இல்ல இல்ல, நன்கொடை கேக்க வரல ஓவாடியா. அந்தப் பர்ஸ உள்ள வைங்க. தாடி, கறுப்புக் கோட்டு, கையில ஒரு பை, வெள்ளிக்கிழமை காலைல வந்து கதவத் தட்டுறான்... நானா இருந்தாலும் அப்படித்தான் நெனச்சிருப்பேன். இல்லம்மா, சாப்பாடெல்லாம் வேணாம், நீங்க சமையலப் பாருங்க. சாயங்காலம் சபாத், ஓய்வுநாள் ஆரம்பிச்சிடும். அதுக்குள்ள உங்களுக்கு எவ்ளோ வேலை இருக்கும். டீயா? சரி, டீ குடுங்க. புதினா இருந்தா ரெண்டு எல போடுங்க.

என் பேரு கல்மன். ப்னேய் பராக்லேருந்து பஸ்ல வந்தேன். நீங்க என்னப் பாத்ததில்ல. ஆனா என் கையெழுத்து உங்க வீட்ல இருக்கு. உங்க கல்யாணத்துக்கு மாமனார் புதுசா ஒரு ஜோடி தெஃபிலின் பெட்டி வாங்கிக் குடுத்தாரா? பதினோரு வருஷம் இருக்குமா? அதோட ஒரு சின்னச் சீட்டு வந்திருக்கும், எழுத்தெல்லாம் பாத்தாச்சு, சரியா இருக்குன்னு. அடியில கிறுக்கியிருக்கே, அது நான்தான். உள்ள வைக்கிற தோல்ல வேத வசனத்த எழுதறவங்க எழுதுவாங்க. நான் உக்காந்து ஒவ்வொரு எழுத்தா பாத்து, சரி, சரியில்லன்னு சொல்லுவேன். முப்பது வருஷமா அதான் பொழப்பு. உங்க பேரு, அட்ரஸ் எல்லாம் கடைக்காரர் குடுத்தாரு.

காலைல கையிலயும் நெத்தியிலயும் கட்டிக்கிறீங்களே, அந்தக் கறுப்புப் பெட்டியத் தொறந்து பாத்திருக்கீங்களா? இல்லல்ல. யாரும் தொறக்க மாட்டாங்க. தச்சு மூடினது. உள்ள இருக்கற தோல்ல என்ன இருக்குன்னு நீங்க கண்ணால பாத்ததே இல்ல. என்ன நம்பித்தான் கட்டுறீங்க. நான் எழுதினவன நம்பினேன். அவ்ளோதான் இந்த ஏற்பாடு.

சொல்றேன், சொல்றேன். அவசரப்படாதீங்க. எனக்கே இத எங்க ஆரம்பிக்கறதுன்னு ஒவ்வொரு வீட்லயும் தடுமாறுது. ஆமா, நெறைய வீடு. உங்களோடது பத்தொம்பதாவது.

எழுதறதுக்கு ஒரு சட்டம் இருக்கு, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கலாம். முதல் எழுத்துலேருந்து கடைசி எழுத்து வரைக்கும் வரிசையா எழுதணும். நடுவுல ஒண்ணு விட்டுப்போச்சு, முடிச்சப்புறம்தான் பாத்தோம்னு வைங்க, திரும்பிப் போயி அத மட்டும் எழுத முடியாது. எழுதினா வரிசை தப்பினதா ஆயிடும். அந்தத் தோலு செல்லாது. கொண்டுபோயி பழைய புனித ஏடுங்களோட சேத்துப் பொதைச்சிடணும். அத்தனை நாள் வேலையும் போச்சு. ஆனா ஒரு விஷயம் பாருங்க, திரும்பிப் போயி எழுதிட்டான்னா யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. எனக்குத் தெரியாது. இப்ப கம்ப்யூட்டர்ல வெச்சுப் பாக்கறாங்க, அதுக்கும் தெரியாது, எல்லா எழுத்தும் இருக்கு, சரின்னுதான் சொல்லும். எழுதினவனுக்கும் கடவுளுக்கும்தான் தெரியும்.

நீங்க டயர் கடை வெச்சிருக்கீங்கன்னு உங்க பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாரு. டயரோட பக்கவாட்டுல கிழிஞ்சிருந்தா ஒட்டுப் போட்டு விப்பீங்களா? மாட்டீங்க. ஏன்? உள்பக்கமா ஒட்டி வெளிய கறுப்பு பூசிட்டா வாங்கறவனுக்கு என்ன தெரியப்போவுது? ஆங். அதேதான்.

எழுதினவர் ஒருத்தர். பேரு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். எங்க குரு, ரப்பி, கண்டிப்பா சொல்லிட்டாரு. எனக்கு அவரு யாருன்னா... இருவத்தொம்பது வருஷம் நானும் அந்தாளும் ஒண்ணா படிச்சோம். தெனமும் காலைல அஞ்சரைக்கு, ஜெபக்கூடத்துல ஒரே மேசை, ஒரே புஸ்தகம். நான் ஒண்ணு சொல்லுவேன், அவன் மறுப்பான். மேசையத் தட்டித் தட்டிச் சண்ட போடுவோம். அடுத்தவனோட பொழப்புல கை வைக்கலாமா, தெரியாம வித்துட்ட சரக்குல குறை இருந்தா என்ன பண்ணணும், கண்ணு தெரியாதவன் வழியில கல்லு வெச்சா மட்டும்தான் குத்தமா, வெவரம் தெரியாதவன்கிட்ட தப்பா சொன்னாலும் அதே குத்தமா... எல்லாத்தையும் வரி வரியா படிச்சோம். கண்ணு தெரியாதவன் விஷயத்துல என்ன விட அவன்தான் கறாரு. நான் கொஞ்சம் விட்டுக்குடுத்தா, ஏன்டா கல்மன், உனக்கு ஒரு நியாயம் ஊருக்கு ஒரு நியாயமாம்பான். அப்படிப்பட்ட ஆளு.

டீ நல்லாருக்கும்மா.

ஒரு தடவை அவன் எழுதினதுல ஒரு வாவ் விட்டுப்போச்சு. எழுத்துலயே ஒல்லியானது அது, நேரா நிக்கிற ஒரு கோடு. அர்த்தம்கூடப் பெருசா மாறாது, இதுவும் அதுவும்னு சொல்லும்போது வர்ற உம் மாதிரி. தலையில கட்டற பெட்டிக்கான தோலு, ரெண்டாவது வரி. நான் காட்டினேன். தலையில அடிச்சுக்கிட்டான். போச்சுடா கல்மன், பொதைக்கிற பெட்டியில போட்டுடறேன்னு சுருட்டி எடுத்துட்டுப் போயிட்டான். நானும் நோட்டுல குறிச்சு வெச்சேன். இன்ன தோலு, ஓரத்துல நகக்கீறல் மாதிரி வெளுப்பா ஒரு தழும்பு, ரெண்டாவது வரி, வாவ் இல்ல, தள்ளியாச்சுன்னு. அதோட மறந்துட்டேன்.

இந்த வருஷம் பெசாக் பண்டிகைக்கு முன்னால ஒரு ஜோடி பிரிச்சுப் பாக்க வேண்டி வந்துச்சு. யாரோடதுன்னு... அது இருக்கட்டும். தையலப் பிரிச்சேன், தோல விரிச்சேன். ஓரத்துல அந்தத் தழும்பு. ரெண்டாவது வரியப் பாத்தேன். வாவ் நிக்குது. நெருக்கடி பஸ்ல ஒருத்தன் ஒருக்களிச்சு நிப்பானே, அந்த மாதிரி ரெண்டு எழுத்துக்கு நடுவுல ஒடுங்கி நிக்குது. பழைய நோட்டையெல்லாம் இழுத்துப் போட்டுத் தேடினேன். அதே தோலு.

நேரா அவன் வீட்டுக்குப் போனேன். எழுதிக்கிட்டிருந்தான். மேசையில வெச்சேன். பாத்த ஒடனே பேனாவத் தொடைச்சு வெச்சுட்டான். மறுக்கல. அதுதான் எனக்கு... மறுத்திருந்தா நான் நம்பியிருப்பேன் ஓவாடியா. என் நோட்டுதான் தப்புன்னு வீட்டுக்குப் போயிருப்பேன்.

ஒரே ஒரு வாவ்தானே கல்மன், அப்படின்னான். இந்த ஒண்ணுதானான்னு கேட்டேன். ஆமான்னான். என் கண்ணப் பாத்துச் சொல்லுன்னேன். நாலஞ்சு இருக்கும்னான். எதெதுன்னேன். ஞாபகம் இல்லன்னான். ஞாபகம் இல்லையாம். எந்த ஆண்டு எந்தப் பக்கத்துல என்ன வாதம் பண்ணினோம்னு சொல்லத் தெரியும் அவனுக்கு.

அதான் உங்க வீட்டுக்கு வந்திருக்கேன். உங்களோடது அவன் எழுதினது. அந்த நாலஞ்சுல ஒண்ணான்னு எனக்குத் தெரியாது, தெரிஞ்சுக்க வழியே இல்ல. ஒருத்தன் இப்படிப் பண்றவன்னு ஆயிட்டா அவன் கையால எழுதின எதையும் நம்பக்கூடாதுன்னு தீர்ப்பு. எல்லாத்தையும் எடுத்துடணும்.

கோவப்படுங்க. படத்தான் வேணும். போன வாரம் ஒருத்தர் என் மூஞ்சியிலேயே கதவச் சாத்தினாரு. இன்னொருத்தர் என்ன சொன்னாரு தெரியுமா? நீ வராம இருந்திருந்தா நான் நிம்மதியா கட்டிக்கிட்டு இருந்திருப்பேனேய்யான்னாரு. அவர் சொன்னதும் நெசம்தான்.

அவன் பொண்டாட்டியும் அதத்தான் கேட்டாங்க. நல்ல மனுஷி, எங்க வீட்டுக்கு எத்தனையோ தடவை பண்டிகைக்கு வந்தவங்க. தலைத்துணி நழுவினதுகூடத் தெரியாம வந்து நின்னாங்க. அண்ணா, பொண்ணுக்கு அடுத்த மாசம் கல்யாணம். மாப்பிள்ள வீட்டுக்குக் காதுல விழுந்தா நிறுத்திடுவாங்க. கல்யாணம் முடியற வரைக்கும் வாயத் தொறக்காதீங்க, உங்களக் கையெடுத்துக் கும்பிடறேன்னாங்க. அந்தப் பொண்ணு எங்க வீட்டுத் தரையில தவழ்ந்த பொண்ணு. ரப்பிகிட்ட கேட்டுச் சொல்றேன்னேன்.

ரப்பி எல்லாத்தையும் கேட்டுக்கிட்டாரு. அப்புறம் சொன்னாரு, தெனமும் காலைல ஒவ்வொருத்தரும் செல்லாத பெட்டியக் கட்டிக்கிட்டு ஜெபம் சொல்றாங்க, உனக்கு அது தெரியும். தெரிஞ்சும் ஒரு மாசம் சும்மா இருக்க உனக்கு உரிமை இல்ல. ஆனா வாங்கினவங்ககிட்ட மட்டும் சொல்லு. தோலு செல்லாதுன்னு சொல்லு. பேரச் சொல்லாத. தெருவுல சொல்லாத, உன் வீட்டுக்காரிகிட்டகூடத் தேவைக்கு மேல சொல்லாதன்னாரு. அப்புறம் கேட்டாரு, கல்மன், நீ கடமைக்காகப் போறியா, கோவத்துல போறியா? கோவத்துல போனா அது பழி வாங்கறது. கோவம் அடங்கினப்புறம் போன்னாரு. அப்படின்னா நான் எந்தக் காலத்துலயும் போக முடியாதுன்னேன். தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. சரி, கோவத்தோடயே போ, நாக்க மட்டும் பத்திரமா வெச்சுக்கோன்னாரு.

அதான் இப்படிப் பேரு சொல்லாம வீடு வீடா அலையறேன். கல்யாணம் நடக்கும், நடக்கட்டும். பொண்ணு என்ன பண்ணிச்சு பாவம். அவன் எழுதறத நிறுத்திட்டான். நான் இன்னும் அஞ்சு மணிக்கு எழுந்துடறேன், பழக்கம். கோட்ட மாட்டிக்கிட்டு வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பிடறேன். வேற ஆளோட படிக்கச் சொல்றாங்க. புஸ்தகத்தத் தொறந்தாலே அவன் குரல்லதான் எனக்குக் கேக்குது, என்ன பண்ண.

மன்னிப்பா? ரெண்டு தடவை வந்து கேட்டுட்டான். மூணு தடவை கேட்டும் மன்னிக்கலன்னா குத்தம் நம்ம பக்கம் சாயும்னு உங்களுக்கே தெரியும். மூணாவது தடவை வருவான். வந்தா என்ன சொல்லுவேன்னு எனக்கே தெரியல.

இந்தாங்க, இந்தப் பையில ஒரு ஜோடி இருக்கு, வேற ஆளு எழுதினது. புதுசு வர்ற வரைக்கும் இதக் கட்டிக்குங்க. ரப்பி ஏற்பாடு பண்ணிட்டாரு. உங்களோடத எடுத்துட்டு வாங்க, நான் கொண்டுபோறேன். என்ன? பதினோரு வருஷமும் வீணான்னா கேக்கறீங்க? இல்ல. இல்லவே இல்ல. அத நான் ரப்பிகிட்ட தனியா கேட்டேன். தெரியாம, நம்பிக் கட்டினவனுக்கு ஒரு நாள்கூடக் கொறையாது, முழுசா கட்டினதாவே எடுத்துக்குவாங்கன்னு சொன்னாரு. மூணு தடவை கேட்டேன். மூணு தடவையும் அதேதான் சொன்னாரு. மெய்யாத்தான் சொன்னாரா, என் மூஞ்சியப் பாத்துச் சொன்னாரான்னு தெரியல.

ஏன் மூணு தடவையா? அது உங்களுக்காகக் கேட்டதில்ல ஓவாடியா. தப்பா எடுத்துக்காதீங்க.

அந்தத் தழும்புத் தோலு என் பையனோடது. ஹிலெல். அவனோட பதிமூணாவது வயசுக்கு அந்தாளு எழுதிப் பரிசா குடுத்தான். எட்டாம் நாள் பேரு வைக்கிற சடங்குல கொழந்தைய மடியில வெச்சுக்கிட்டவனும் அவன்தான். ஊர்ல அத்தனை பேரோடதையும் பிரிச்சுப் பாத்த நான், அது ஒண்ண மட்டும் பிரிக்கல. அவன் குடுத்ததாச்சே. என்னன்னு பாக்கறது? ஹிலெல் ஆறு வருஷம் கட்டினான். கடைசி வருஷம் ஆஸ்பத்திரில. ரத்தத்துல வியாதி. எடது கையில ஊசி ஏத்தியிருந்தாங்க. அந்தக் கையிலதானே கட்டணும்? நர்ஸம்மாகிட்ட கெஞ்சி வலது கைக்கு மாத்தச் சொன்னான். வலது கையில நரம்பு கெடைக்கல, நாலு எடத்துல குத்தினாங்க. பரவாயில்லப்பான்னான். பத்தொம்போது வயசு. அப்புறம் அந்தத் தெஃபிலின் பைய அலமாரியில வெச்சோம், எட்டு வருஷம் தொடல. இப்ப மகளோட பையனுக்குப் பதிமூணு வருது, குடுக்கலாமேன்னுதான் பிரிச்சேன்.

இல்லம்மா, நீங்க அழாதீங்க.

ஏன்டா, எல்லாரையும் விட்டுட்டு என் புள்ளைக்கா அதக் குடுத்தன்னு கேட்டேன். தலையக் குனிஞ்சுக்கிட்டே சொன்னான். அந்தத் தோல விக்க மனசு வரலையாம். அதுக்குக் காசு வாங்கினா பாவமாச்சேன்னு தோணிச்சாம். அதனாலதான் நமக்கு வேண்டியவங்களுக்குச் சும்மா குடுத்துடலாம்னு நெனச்சானாம்.