எங்கள் ஆள் இல்லை

காளான் எனக்குப் பிடிக்கும். ஆட்டிறைச்சி மாதிரியே சமைக்கலாம். தூளைக் கொஞ்சம் கூடப் போட்டால் காட்டு மணமும் போய்விடும். ஆனால் இந்தச் சமையல் குறிப்பைச் சொல்ல நான் மொழிபெயர்ப்பாளரோடு பொலிஸ் நிலையத்துக்கு வரவில்லை, ஐயா. பக்கத்து வீட்டு ஊவேயைக் கொலைகாரன் என்று பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவனை விட்டுவிடுங்கள். அவன் செய்யவில்லை.

நான் விஜயரத்தினம். ஜெர்மனியில், டிரெஸ்டனுக்கு அப்பால், மனிதரைவிட மாடுகள் கூடிய இந்தக் கிராமத்தில் ஒரேயொரு தமிழ்க் குடும்பம் நாங்கள். ஊவே தன் வேலியில் "அந்நியரே, வெளியேறுங்கள்" என்று பலகை மாட்டியிருக்கிறான். எழுத்து அழகு. மழையில் மங்கும்போதெல்லாம் ஒழுங்காகப் பூச்சடிப்பான்.

இந்த வருடம், 2007 ஆவணியில், என் மகள் சிவானுஜா ஒரு பொடியனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். தபோதரன், பொறியியலாளர். பதிவுத் திருமணத்துக்கு டெர்மீன் எடுத்து, நாளும் குறித்தாயிற்று என்றாள். நல்ல பிள்ளை, சப்பாத்தை வாசலிலேயே கழற்றினான். வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன்.

"தம்பி எந்தப் பக்கம்?"

"ஆஹென் பக்கம், அங்கிள்."

"அது ஜெர்மனியில, சரி. அப்பா எந்தப் பக்கம்?"

"அப்பாவும் ஆஹென்தான். ஸ்ரேசனுக்குக் கிட்ட."

மகள் என்னை முறைத்தாள். "அவர் எங்கட ஆள் இல்லை அப்பா. அதைத்தானே கேக்கிறியள்? விடுங்கோ இப்ப."

விட்டுவிட்டேன். நான் சாதி பார்க்கிறவனில்லை. யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்க் கிணற்றில் அவனுடைய ஆட்கள் அள்ளுவதில்லை என்பது உண்மைதான். அதற்கு நான் என்ன செய்ய, கிணறு அப்படிப் பழகிவிட்டது.

மகள் வேலைக்குப் போன ஒரு சனிக்கிழமை அவனைச் சாப்பிடக் கூப்பிட்டேன். என் மேசையில் உட்கார வைத்து, என் கையாலேயே பரிமாறினேன். எங்கள் பரம்பரையில் எவரும் செய்யாத புரட்சி. எனக்கு விரதம் என்றேன்.

"கறி நல்லாயிருக்கு, மாமா," என்றான். அங்கிள் அதற்குள் மாமாவாகிவிட்டார். இன்னொரு கரண்டி போட்டேன்.

ஒரு கிழமை முடிய முன்னமே ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். காளான் யார் தந்தது என்று உங்கள் ஆட்கள் வந்து கேட்டார்கள். நான் எவர் பெயரும் சொல்லவில்லை. ஊவேயின் பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். இங்கே காளான் பறித்து விற்கிறவனும் அவன்தானே. மிச்சத்தை நீங்களே கண்டுபிடித்தீர்கள்.

பிறகு ஊரே மெழுகுதிரியோடு இனவெறிக்கு எதிராக ஊர்வலம் போனது. என்னைத்தான் முன்னால் நடக்கவிட்டார்கள். நன்றாகவே நடந்தேன்.

எல்லாம் சரியாகத்தான் போனது. நேற்று மேயர் பிளம்ஸ் கேக்கோடு வந்து, தேவாலயத்துக்கு முன்னால் நினைவுக்கல் நடப்போகிறோம் என்றார். "விஜயரத்தினம் குடும்பத்தின் மருமகன் தபோதரன்" என்று கல்லில் வெட்டுவார்களாம். மகள் உள்ளே படுத்து அழுதுகொண்டிருந்தாள், மொழிபெயர்க்க ஆளில்லை. எனக்குத் தெரிந்த ஜெர்மனில், சொல்லுக்குச் சொல்லாக, "எங்கள் ஆள் இல்லை" என்றேன். எங்கள் ஆள் இல்லாமல் போய்விட்டான் என்று அந்த மனிதர் விளங்கிக்கொண்டார். என் இரண்டு கைகளையும் பிடித்து விம்மினார். அந்த வசனத்தையும் கல்லில் சேர்க்கச் சொல்லிவிட்டுப் போனார்.

கல் என்றால் இருநூறு வருடம் நிற்கும், ஐயா. என் பெயரும் அவன் பெயரும் ஒரே வரியில். இரவு முழுக்க யோசித்தேன். மறியலில் அடைபட்டாலும் பரவாயில்லை என்று பட்டது. காளானைப் பறித்தது நான். சமைத்ததும் நான். எழுதிக்கொள்ளுங்கள், கல்வெட்டுகிறவனுக்கும் உடனே அறிவியுங்கள்.

ஊவேயை விடும்போது ஒரு புத்தியும் சொல்லி விடுங்கள். ஒருவன் யார் எவர் என்று கேளாமல், தோலைப் பார்த்தவுடன் வெறுப்பது நாகரிகமில்லை. நான் லண்டன், கனடா, யாழ்ப்பாணம் எல்லா இடமும் போன் எடுத்து, பூட்டன் பெயர்வரை விசாரித்த பிறகுதான் காட்டுக்குப் போனேன்.