திரையில் இருந்த எண்

இந்த விசாரணை அறைக் கடிகாரம் இரண்டு நிமிடம் பிந்தி ஓடுகிறது, மேடம். குறையாகச் சொல்லவில்லை. மணி பார்ப்பது எனக்கு வேலையோடு ஒட்டிக்கொண்ட பழக்கம். நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள், தமிழிலேயே எழுதலாம் என்றீர்கள். எழுதுகிறேன்.

என் பெயர் மகேஸ்வரன். வயது ஐம்பத்தொன்று. காஹாங் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் மில்லில் கட்டுப்பாட்டு அறை என் பொறுப்பு. கழிவுக் குழிக்குள் நச்சு வாயு எவ்வளவு என்பதை அங்கிருக்கும் கணினி ஓர் எண்ணாகக் காட்டும். பத்துக்குக் கீழே இருந்தால் ஆள் இறங்கலாம். மேலே போனால் கணினியே அலாரம் அடிக்கும். இறங்குகிறவர் வாக்கி டாக்கியில் என்னிடம் எண் கேட்பார். நான் சொன்ன பிறகுதான் ஏணியில் கால் வைப்பார். பதினாறு வருடமாக இதுதான் வழக்கம். ஒரு நாளும் நான் தப்பான எண் சொன்னதில்லை.

அந்தக் கணினியில் லினக்ஸ் இயங்குதளம் போட்டவன் நான்தான். "லினக்ஸ் போட்டா ஹேங்கே ஆவாது சார்" என்று மேனேஜர் மெய்யப்பனிடம் சொன்னேன். கேண்டீனில் கேட்டவர்கள், கேட்காதவர்கள் எல்லோரிடமும் சொன்னேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள்.

மூன்று மாதத்துக்கு முன் அது உறைய ஆரம்பித்தது. திரை அப்படியே நிற்கும். மவுஸ் நகராது. கேப்ஸ் லாக்கை அழுத்தினால் விசைப்பலகையின் சின்ன விளக்குகூட எரியாது. கணினி தானே பதிந்துவைக்கும் லாக் கோப்பைத் திறந்து பார்த்தேன், பாதி வரியில் அறுந்து கிடந்தது. மெமரியை ஒரு ஞாயிறு முழுக்கச் சோதித்தேன், பிழையில்லை. லினக்ஸின் மையமான கெர்னலை மாற்றினேன். பவர் சப்ளையையும் மாற்றினேன். கடைசியில் பெட்டியைக் கழற்றி டார்ச் அடித்தால், மதர்போர்டில் மூன்று கப்பாசிட்டர்கள் வயிறு வீங்கி நின்றன.

புது போர்டு கேட்டு ஒரு படிவம் எழுதியிருந்தால் போதும். ஆனால் இரண்டாவது முறை உறைந்தபோதே மெய்யப்பன் சொல்லிவிட்டார். "மகேஸ், இன்னொரு தடவ ஹேங் ஆச்சுன்னா மெஷினும் வேணாம், நீயும் வேணாம் லா." நான் குடியிருப்பது மில் கொடுத்த வீடு. இந்த வயதில் எனக்கு யார் வேலை தருவார்கள்? பயந்தேன், மேடம். பெட்டியை மூடித் திருகாணியை முடுக்கினேன். தினமும் எட்டு மணிக்கு 'கணினி சரி' என்று கையெழுத்தும் போட்டேன்.

அதை மறுபடி எழுப்புவதில் ஒரே ஒரு தொல்லை. எழுந்ததும் அலாரத்தைப் பத்து வினாடி அடித்துச் சோதிக்கும். மில் முழுக்கக் கேட்கும். எழுந்துவர நான்கு நிமிடம் ஆகும். ஆகவே எப்போது உறைந்தாலும் காத்திருந்து, பகல் பன்னிரண்டு இருபத்தாறுக்குப் பொத்தானை அழுத்துவேன். பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டுச் சங்கு ஊதும்போது அலாரமும் அதோடு கலந்துவிடும். ஒன்பது முறை இப்படிச் செய்தேன். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

அன்று பதினொன்று நாற்பத்தெட்டுக்கு உறைந்தது. திரையில் இருந்த எண் இரண்டு.

பன்னிரண்டு மணிக்கு, பம்ப் பழுது பார்க்கும் ராஜசேகரன் வாக்கி டாக்கியில் கூப்பிட்டார். குழிப் பம்பில் நார் அடைத்திருந்தது. "மகேஸ் அண்ணே, நம்பர் எத்தன?"

"ரெண்டு" என்றேன். திரையில் அதுதான் இருந்தது.

பதினொரு நிமிடம் கழித்து செல்வாவின் குரல் வந்தது. அவன் ராஜசேகரனின் மைத்துனன், மேலே நின்று காவல் பார்ப்பவன். "அண்ணே, மச்சான் கீழ விழுந்து கெடக்காரு. கூப்பிட்டா சத்தமே இல்ல. நம்பர் பாத்துச் சொல்லுங்க அண்ணே, நான் எறங்கணும்."

குழிக்குள் வாயு ஏறிவிட்டது என்று அப்போது எனக்குத் தெரியும், மேடம். அதை மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் யோசித்தேன். பதினொரு நிமிடத்துக்கு முன் இரண்டு என்று சொன்னவன் இப்போது தெரியவில்லை என்றால், முதலில் சொன்னது என்ன என்று கேட்பார்கள். ஒரே ஆள் ஒரே மாதிரி பேச வேண்டும்.

"ரெண்டுதான் செல்வா" என்றேன்.

அதன் பிறகு வாக்கி டாக்கியில் யாரும் பேசவில்லை.

பன்னிரண்டு இருபத்தொன்றுக்குக் கஸ்தூரி வந்தார். மில்லின் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர். ராஜசேகரனின் மனைவி, செல்வாவின் அக்கா. இருவரும் பதில் தரவில்லை என்று நேரே என் அறைக்கே வந்துவிட்டார். திரையைப் பார்த்தார். எண்ணை அல்ல, மூலையில் இருந்த மணியைப் பார்த்தார்.

"அண்ணே, இது ஏன் பதினொன்னு நாப்பத்தெட்டுலயே நிக்குது?"

"அது எப்பவும் கொஞ்சம் ஸ்லோதான்மா" என்றேன். "வாயு ரெண்டுதான். பயப்படாம போய்ப் பாருங்க."

நம்பினார். பதினாறு வருடம் தப்பாத எண் அல்லவா. வேகமாக நடந்தாலும் குழிக்கு எட்டு நிமிடம் ஆகும். அவர் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். உடனே அழுத்தினால் அலாரம் தனியாகக் கேட்கும். காத்திருந்தேன். இருபத்தாறுக்கு அழுத்தினேன், வழக்கம்போல, ஒரு நிமிடம்கூட முந்தாமல்.

பன்னிரண்டரைக்குச் சங்கு ஊதியது. அலாரமும் அடித்தது. சங்கு ஓய்ந்தது, அலாரம் ஓயவில்லை. திரையில் எண் இருநூற்றுப் பத்து.

கஸ்தூரி அப்போது ஏணியின் முதல் படியில் கால் வைத்திருந்தாராம். அலாரம் கேட்டு ஓடி வந்த ஆட்கள் அவரை இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள்.

என்னால் இரண்டு பேர் செத்தார்கள் என்று உங்கள் தாளில் இருக்கிறது. இருக்கட்டும். ஆனால் கஸ்தூரியைக் காப்பாற்றியது அந்த அலாரம். நேரம் பார்த்து அதை ஓட வைத்தவன் நான். அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், மேடம்.