ஐந்து நிலா, ஒரே நெகடிவ்

உங்கள் நாற்காலிக்குப் பின்னால் தொங்கும் காலண்டரை முதலில் கழற்றச் சொல்லுங்கள், இன்ஸ்பெக்டர். கடற்கரை, தென்னை மரம், தாம்பாளம் மாதிரி ஒரு நிலா. அந்த நிலா தென்னங்கீற்றுக்கு முன்னால் நிற்கிறது, கவனித்தீர்களா? மரத்தை ஒரு தரம், நிலாவை ஒரு தரம், ஒரே ஃபிலிமில் ஒன்றின் மேல் ஒன்றாக எடுத்திருக்கிறான். எது எதன் மேல் விழும் என்று யோசிக்கவில்லை. அவனை விட்டுவிட்டு என்னைக் கூட்டி வந்திருக்கிறீர்கள்.

எழுதிக்கொள்ளுங்கள். ராமானுஜம், வயது நாற்பத்தாறு, கச்சேரி ரோடு, இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை. லஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமை கூடும் போட்டோ சங்கத்தில் ஒன்பது வருஷமாக உறுப்பினன். ஒன்பது பாராட்டுச் சான்றிதழ் வைத்திருக்கிறேன். சமையலறை அலமாரித் தட்டுகளில் விரிக்க என் மனைவிக்கு வேறு காகிதம் தேவைப்பட்டதில்லை. தங்க மெடல் மட்டும் தவறாமல் மெஹபூப் பாஷாவுக்குப் போகும். தி. நகரில் பாஸ்போர்ட் படம் எடுத்துப் பிழைக்கிற மனிதர், ராத்திரியும் மரமும் கிடைத்துவிட்டால் நடுவர்களை அழவைத்துவிடுவார். நானும் ஒரு தடவை அழுதேன், ஆனால் காரணம் வேறு.

எங்கள் சங்கத்தில் இருட்டறை ஒட்டுவேலைக்கு இடம் கிடையாது. எத்தனை தடவை எடுத்தாலும் ஃபிலிமை நகர்த்தாமல் ஒரே கட்டத்தில் எடுக்க வேண்டும், வெட்டாத நெகடிவை நடுவர்களிடம் கொடுக்க வேண்டும். நடுவில் கேமரா ஸ்டாண்டு மயிரிழை அசைந்தாலும் படம் குப்பை. இன்னொரு வழக்கமும் உண்டு. ஒருவர் படத்துக்கு இன்னொருவர் போய் நிற்க வேண்டும், எடுப்பவர் "ஆச்சு" என்று சொல்லும்வரை அசையக்கூடாது. போன வருஷம் பாஷாவுக்காக ஓர் ஆலமரத்தடியில் மூன்று மணி நேரம் கொசுவுக்கு விருந்து வைத்தேன். அந்தப் படத்துக்கும் அவருக்குத்தான் மெடல்.

அதனால் இந்த மாசியில் என் முறை. பௌர்ணமிக்கு மறுநாள், அடையாறு முகத்துவாரம், உடைந்த பாலத்துக்குக் கீழே. கடல் பக்கமிருந்து நிலா ஏறும். இருபது நிமிடத்துக்கு ஒன்றாக ஐந்து நிலா, ஒன்றின் மேல் ஒன்று. ஒவ்வொரு தடவையும் தண்ணீரில் நிற்கும் பாஷா மேல் ஃப்ளாஷ் அடிக்க வேண்டும். காற்றுக்கு ஆடாமலிருக்க ஸ்டாண்டை வீட்டுக் கிணற்றுக் கயிற்றால் ஒரு பாறாங்கல்லோடு இறுக்கிக் கட்டியிருந்தேன்.

முதல் நிலாவுக்குத் தண்ணீர் அவர் தொடை வரை இருந்தது. இரண்டாவதுக்கு இடுப்பு. அப்போதே அவர் சொன்னார்:

"சார், கால் சேத்துல மாட்டிக்கிச்சு. இழுத்தா இன்னும் உள்ள போவுது. அந்தக் கயித்த அவுத்துப் போடுங்க."

கயிற்றை அவிழ்த்தால் கேமரா அசையும். இது அவருக்கே தெரிந்த விஷயம். அவரே அப்படிக் கேட்டது எனக்கு வருத்தமாக இருந்தது.

"இன்னும் மூணே மூணுதான் பாய். கொஞ்சம் பொறுத்துக்கோங்கோ, அசையாதீங்கோ" என்றேன்.

மூன்றாவதில் மார்பு வரை இருந்தது. நான்காவதில் முகம் மட்டும், அண்ணாந்தபடி. கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தார். ஊரூர் குப்பத்தில் ஏதோ திருவிழா, ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. இந்த ஊரில் ஒருவன் நிம்மதியாகப் படமெடுக்க முடிகிறதா சொல்லுங்கள். ஐந்தாவது நிலா ஏறியபோது நான் ஃப்ளாஷ் அடித்தேன், பிறகு "ஆச்சு" என்றேன். முறை என்றால் முறை.

மூன்றாம் நாள் உடல் கரை ஒதுங்கியது. நான் முதல் நிலாவோடு மூட்டை கட்டிக் கிளம்பிவிட்டதாகவும், பாஷா நண்டு பிடிக்கிறவர்களோடு பேசிக்கொண்டு நின்றதாகவும் உங்களுக்கு முன்பிருந்தவரிடம் சொன்னேன். அவரும் விபத்து என்று எழுதி ஃபைலைக் கட்டிவைத்தார். ஜைதூன் பீ, அதுதான் பாஷாவின் சம்சாரம், எனக்கு டீ போட்டுக் கொடுத்து, "நீங்க ஒருத்தர்தான் சார் அவருக்கு ஃப்ரண்டு" என்று அழுதாள். டீயில் இஞ்சி தூக்கல்.

படத்தைப் போட்டிக்கு அனுப்பாமல் இருந்திருக்கலாம் என்கிறீர்கள். பிறகு எதற்காக எடுத்தேன்? நடுவர்கள் மூன்று பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நிலா ஏற ஏற மனிதன் இறங்குகிறான், வாழ்வின் நிலையாமை, என்று ஒருவர் கால் மணி நேரம் பேசினார். மெடலைக் கழுத்தில் போட்டுக்கொண்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைப்பானேன். கண்காட்சிக்கு வந்த ஜைதூன் பீ மட்டும் கைதட்டவில்லை. படத்துக்கு முன்னால் நின்று விரலால் நிலாக்களை எண்ணினாள். அடியில் நான் என் கையாலேயே தட்டச்சு செய்து ஒட்டியிருந்த குறிப்பையும் பக்கத்தில் நின்றவரைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள்: ஐந்து முறை, இருபது நிமிட இடைவெளி. விவரக் குறிப்பு கட்டாயம் என்பது சங்கத்து விதி.

"அப்பன்னா, எம்பது நிமிசம் நீங்க அங்கதானே சார் இருந்தீங்க?" என்று கேட்டாள். பள்ளிக்கூடமே போகாதவள். கணக்கு சரியாக இருந்தது.

பொறாமை என்று தயவுசெய்து எழுதாதீர்கள். மனம் கொஞ்சம் கல்லாக இருந்தது, அவ்வளவுதான். வேறொருவன் நின்றிருந்தாலும் கயிற்றை அவிழ்த்திருக்க மாட்டேன். திட்டமிட்டுச் செய்ததும் இல்லை. சந்தேகமிருந்தால் என் பீரோவில் பச்சை அட்டை போட்ட நோட்டு ஒன்று இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். பத்து நாள் முன்பே பென்சிலால் படம் போட்டு வைத்திருக்கிறேன். ஓரத்தில் அன்றைய அலையேற்ற நேரம், கழி விட்டுப் பார்த்த சேற்றின் ஆழம். மேலே ஐந்து நிலா. கீழே தொடை வரை ஒரு மனிதன், இடுப்பு வரை ஒருவன், மார்பு வரை ஒருவன், முகம் மட்டும் ஒன்று. ஐந்தாவது நிலாவுக்குக் கீழே ஒரு கை மட்டும் வரைந்திருப்பேன். படத்துக்கு ஒரு முடிவு வேண்டும் என்பதற்காகப் போட்டது அது, வேறொன்றுமில்லை.