கரடி விடாதே, அண்ணா!

தங்கை: தாவு அண்ணா, தாவு!... போச்சு. மறுபடியும் ஆத்துல விழுந்தாச்சு.

அண்ணன்: நான் அமுக்கிட்டுத்தான் இருக்கேன். அணில்தான் கேட்க மாட்டேங்குது.

தங்கை: நீ அமுக்கினது என் பொத்தானை. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!

அண்ணன்: கேலி இருக்கட்டும். பத்திரிகையில உன் குடும்பப் பக்கத்துக்கு என்ன எழுதப் போற? குழந்தைங்க இதை விளையாடலாமா, கூடாதா?

தங்கை: எத்தனையோ வீடியோ கேமைப் பார்த்து எழுதியிருக்கேன். ஒண்ணுக்காவது இப்படிப் பக்கத்துல உக்காந்து உயிரை எடுத்திருக்கியா?

அண்ணன்: என் மகளுக்காகத்தான் கேட்கறேன். இந்த கேமோட மூலப் படத்தைத் தியேட்டர்ல பார்த்ததுலேருந்து என் சுண்டைக்காவுக்குக் கரடின்னாலே நடுக்கம். விளக்கை அணைக்க விடறதில்ல. நான் கூப்பிட்டாக்கூடக் காதைப் பொத்திக்கிறா...

தங்கை: நீ கூப்பிட்டா ஏன்?

அண்ணன்: அது... யார் கூப்பிட்டாலும்தான். அதை விடு. கேம் எப்படி?

தங்கை: அருமை! படம் ஓடிடுச்சுன்னா அதோட பேரை ஒட்டி எதையாவது வித்துடுவாங்க. இவங்க உழைச்சிருக்காங்க. கவனிச்சியா? ஒரு அணில் விழுந்தா இன்னொண்ணு தனியா ஓட முடியாது. திரும்பி வந்து வாலை நீட்டணும். பெரியவங்க, சின்னவங்கன்னு வீடே சேர்ந்து உக்காரலாம். தோத்தவங்களை யாரும் கிண்டல் பண்றதுமில்ல.

அண்ணன்: நீ பண்றியே!

தங்கை: அது கேம்ல சேராது. கூடப்பிறந்த பாவத்துல சேரும்.

அண்ணன்: சரி... கரடி எப்படி?

தங்கை: திரும்பவும் கரடியா? படத்துல துரத்தின கரடி இதுல காவல் காக்குது. நல்ல யோசனை. ஆனா முதல் கட்டத்து உறுமல்தான்... தகர டப்பாவுல ஆணியைப் போட்டு உலுக்கின மாதிரி.

அண்ணன்: தகர டப்பாவா! அடிவயித்துலேருந்து எடுத்த உறுமல் அது! வேற யாராவது எடுக்கட்டும் பார்ப்போம்!

தங்கை: காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சுதான். கரடியைச் சொன்னா உனக்கேன் பொத்துக்கிட்டு வருது? ஆமா, போன வருஷம் உன் தொண்டை கட்டிக் கிடந்ததே, அது எதனால?

அண்ணன்: ஒரு விளம்பரத்துக்குக் குரல் கொடுத்தேன். அதான் என் தொழிலாச்சே. இருமல் மருந்து...

தங்கை: இருமல் மருந்துக்குப் பேசித் தொண்டை கட்டிச்சா! கரடி விடாதே, அண்ணா.

அண்ணன்: எந்தக் கரடி?... நான் எந்தக் கரடியும்...

தங்கை: இதோ, அணில் விழுது. இந்தத் தடவை நான் வாலை நீட்டல, தூக்கிவிடக் கரடி வரும். வாயை மூடிட்டுக் கேளு.

கரடி: விழுந்தியா, சுண்டைக்கா? மண்ணைத் தட்டிக்கோ. நான் இருக்கேன்ல!

தங்கை: படம் முழுக்க அந்த அணிலை யாரும் சுண்டைக்கான்னு கூப்பிடல. கூப்பிடற ஆளு உலகத்துலயே ஒருத்தர்தான்.

அண்ணன்: வாய் தவறி வந்துடுச்சு. ‘எழுந்திரு, அணிலே’ன்னுதான் எழுதிக் கொடுத்தாங்க. பேசினதும் இதுவே இருக்கட்டும்னு வச்சுட்டாங்க... உன்கிட்ட எப்படிச் சொல்றது? படத்துலயும் உறுமி, பெத்த மகளை நடுங்க வச்சது நான்தான்னா? வேண்டாம். இது என் வீட்டு வாசப்படி ஏற வேண்டாம். கூடாதுன்னே எழுதிடு.

தங்கை: காலையிலேயே அனுப்பியாச்சு. ‘குடும்பத்தோட தாராளமா விளையாடலாம். கரடிக்குக் குரல் கொடுத்தவர் என் கூடப்பிறந்தவர், அதனால கரடிக்கு மட்டும் நான் தீர்ப்புச் சொல்லல’ன்னு.

அண்ணன்: காலையிலேயேவா! அப்போ இவ்வளவு நேரமும் என்னை ஆத்துல தள்ளினது?... அது கிடக்கட்டும். கரடிக்கு யார் தீர்ப்புச் சொல்றது?

தங்கை: சொல்ல வேண்டியவ சொல்லிட்டா. நேத்து பள்ளிக்கூடம் விட்டதும் உன் மகளை இங்கதான் உக்கார வச்சேன். உறுமலைக் கேட்டு என் மடியில ஒளிஞ்சா. அப்புறம் ஒரு தடவை ஆத்துல விழுந்தா பாரு... அதோட சரி, பாலத்தைத் தாண்டவே இல்ல. வேணும்னே விழறா, எழறா, மறுபடி விழறா. ஏண்டீன்னு கேட்டா, ‘சத்தம் போடாதீங்க அத்தை, விழுந்தாத்தான் கரடிக்குள்ளேருந்து அப்பா பேசுவாரு’ங்கறா!