மூத்த சேவல் ஊருக்குப் போகிறது

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில் முன் சீட்டுப் பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: "மூத்தவனால வீட்டுல நிம்மதியே இல்ல மதினி. மம்சாபுரத்துல தங்கச்சிகிட்ட விடப் போறேன்."

அவள் மடியில் ஒயர் கூடைக்குள் ஒரு சேவல் இருப்புக்கொள்ளாமல் புரண்டது.

"மூணு சேவலையும் ஒண்ணாத்தான வளத்த?" என்றாள் மதினி.

"ஒரே கோழி பொரிச்ச குஞ்சுக. இவன் மத்த ரெண்டையும் தீனிகிட்ட அண்டவிட மாட்டேங்கான். கொத்திக் கொத்தி வெரட்டுதான். அறுக்கவும் மனசு வரல."

போன் அடித்தது. ஸ்பீக்கரில் அவள் கணவர் பதறினார். "ஏட்டி, நீ அங்கிட்டுப் போகவும் சின்னது ரெண்டும் சண்டைக்கு நின்னுருச்சு. வெலக்க முடியல. ஒண்ணுக்கு கண்ணோரம் ரத்தம்!"

"இம்புட்டு நாளும் அதுக ரெண்டும் மோதுனதே இல்லையே!"

"பெரியவனுக்குப் பயந்து அடங்கிக் கெடந்துச்சுக. இப்ப நீயா நானான்னு நிக்குதுக."

"ஒண்ணப் புடிச்சு பஞ்சாரக் கூடையில கவுத்துங்க. இந்தா வாரேன்."

அவள் எழுந்து கண்டக்டரிடம் நிறுத்தச் சொன்னாள். படியில் நின்றபடி, கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு சேவலிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"கொத்துனாலும் பரவாயில்ல, நீயே வந்து இருந்து தொல."